கருவாற்றின் அக்கரை

நெடுங்கரையின் கடைசி அரசர் கனகராயர், மணிமுடியைத் தன் கையாலேயே இறக்கி வைத்தவர். பல ஆண்டுகள் கழித்து அந்த முடியில் ஒரு சின்னத் துண்டு அவரைத் தேடிக்கொண்டு மலையேறி வந்தது. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் வாங்கவில்லை என்று நாடே கேட்டது. அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அப்போது அவர் கூகைமலை மடத்தில் இருந்தார். அரண்மனையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே வந்தவர். மடத்துக்குத் தலைவி தவமணி அம்மையார். அவருக்கும் கனகராயருக்கும் ஒரு தலைமுறை வித்தியாசம், அம்மையார்தான் சின்னவர். இருந்தாலும் கனகராயர் அவரை ‘அம்மா’ என்று அழைத்தார். அவர் கனகராயரை ‘ராயரே’ என்று அழைத்தார்.

மடத்தில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. கனகராயருக்கு முற்றம் பெருக்கும் வேலை. அவர் பெருக்கிவிட்டுப் போனதும், அவர் பார்க்காத நேரம் பார்த்து வேறு யாராவது மறுபடி பெருக்குவார்கள்.

விடியற்காலையில் அவருக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். அரண்மனையில் அந்த நேரத்துக்குத்தான் முரசு அடிப்பார்கள். முரசுக்குப் பின்னால் லாயத்தில் குதிரைகள் கனைக்கும். பிறகு வெந்நீர் அடுப்பின் புகை வாசனை வரும். இப்போது அடிவாரத்தில் முதல் பேருந்தின் ஹாரன்தான் கேட்கும். ஆனாலும் அவர் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் முரசுக்காகப் படுத்திருப்பார்.

ஒருநாள் காலையில் மருதப்பன் வந்தார். அவர் நெடுங்கரைச் சட்டசபையின் தலைவர். மலையேறிய களைப்பைவிட வேறு ஏதோ களைப்பு அவர் முகத்தில் இருந்தது. கனகராயர் தன் கையால் மோர் கொடுத்தார்.

“கருவாற்றுப் பாலம் போச்சு, மகாராஜா.”

“கேள்விப்பட்டேன். போன மழைக்கே போச்சாமே.”

“இன்னும் கட்டலை.”

“ஏன்?”

“சபையில மலைக்கட்சியும் கடல்கட்சியும் சரிபாதி. பழைய இடத்துலயே கட்டணும்னு இவங்க. ஆறு குறுகுற இடத்துல கட்டணும்னு அவங்க. ஓட்டுக்கு விட்டா சமமா நிக்குது. விட்டு விட்டு ஓய்ஞ்சுட்டோம்.”

கனகராயர் செம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார். அது அவர் கட்டிய பாலம்.

“அக்கரை ஜனங்க பரிசல்லதான் வர்றாங்க,” என்றார் மருதப்பன். “போன மாசம் ஒரு பரிசல் கவிழ்ந்துடுச்சு. பிரசவ வலியோட ஒரு பொண்ணு. ஆஸ்பத்திரி இக்கரையில இருக்கு. அந்தப் பொண்ணு வந்து சேரலை.”

கனகராயர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார்.

“நான் என்ன செய்யணும்?”

மருதப்பன் ஒரு வரைவை எடுத்தார். சட்டத்தில் ஒரே ஒரு புது வரி. சபை ஒரு முடிவுக்கு வர முடியாத வேளையில் முடிவெடுக்கும் உரிமை அரசருக்கு உண்டு. அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு உண்டு.

“இதை மட்டும் ரெண்டு கட்சியும் ஒத்துக்கிச்சு, மகாராஜா. உங்களை யாரும் சந்தேகப்படலை. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த வாரமே பாலத்துக்கு உத்தரவு போட்டுடலாம்.”

“யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்.”

மருதப்பன் எழுந்து, பழைய வழக்கப்படி பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனார். அவர் வாசலைத் தாண்டும்வரை கனகராயர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நடையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று.

அவர் நேராக அம்மையாரிடம் போனார். அம்மையார் மடப்பள்ளியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“ராஜா முழுசா ஆளறது தப்புன்னு நானே ஒத்துக்கிட்டேன். அதனாலதான் விட்டுட்டு வந்தேன். ஆனா ஒரு துளி அதிகாரம், அவசரத்துக்கு மட்டும் ஒரு துளி, அவன் கையில இருந்தா என்ன தப்பு?”

“எதுக்கு அந்தத் துளி?”

“ஒரு பொண்ணு செத்திருக்கு.”

அம்மையார் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

“வாங்க, ஆத்துக்குப் போயிட்டு வரலாம்,” என்றார்.

இருவரும் இறங்கி நடந்தார்கள். வாசலில் இன்னும் நின்றிருந்த மருதப்பன், அடிவாரத்தில் நிற்கும் தன் காரை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னதை அம்மையார் மறுத்துவிட்டார்.

அந்தப் பாதையில் கனகராயர் நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு ஏதாவது ஒன்று இருந்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் அவர் பட்டமேற்ற ஆண்டு வைத்தவை. இப்போது அவற்றின் நிழலில் லாரிகள் நின்றன. யானைக் கொட்டடி இருந்த இடம் பேருந்து நிலையமாகியிருந்தது.

“அங்கே மங்களம்னு ஒரு யானை இருந்தது, அம்மா. நான் போனா தும்பிக்கையால என் தலைப்பாகையைத் தூக்கிடும். தினம் தூக்கும். தினம் நான் கோபப்படற மாதிரி நடிப்பேன்.”

அம்மையார் சிரித்தார்.

“பாலம் கட்டினோமே, அப்போ கல்லெல்லாம் இழுத்தது அதுதான். நானும் தூக்கினேன். முதல் கல்லு நான் தூக்கினது. மூச்சு வாங்கிச்சு. திவான் பதறிப்போய் ஓடி வந்தார். ஒரே கோடையில முடிச்சோம். அக்கரையிலருந்து முதல்ல யாரை நடக்கவிடலாம்னு கேட்டாங்க. ஒரு கல்யாணப் பொண்ணை விடுங்கன்னு சொன்னேன். மஞ்சள் சேலை கட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு நடந்து வந்தா. பாதியில நின்னு கீழே ஆத்தை எட்டிப் பார்த்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.”

“எனக்கும் ஞாபகம் இருக்கு,” என்றார் அம்மையார்.

நினைவுகளில் மூழ்கியிருந்த கனகராயர் அதைக் கவனிக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் சேதி பரவிவிட்டது. கடைகளிலிருந்து கிழவர்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் மண்ணிலேயே விழுந்து கும்பிட்டார். ஒரு கிழவி அவர் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள். “மகராசா, எளைச்சுப் போயிட்டீங்களே,” என்றாள். யாரோ மாலைக்கு ஓடினார்கள். கனகராயர் ஒவ்வொருவர் தோளையும் தொட்டார். பலருடைய தகப்பனார் பெயர் அவருக்கு நினைவிருந்தது. அவர் நடை மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா, அம்மா?” என்றார் மெல்ல.

“பாத்தேன்.”

ஆற்றங்கரையில் பெரிய கூட்டம் நின்றது. ஆனால் அது அவருக்காகக் கூடிய கூட்டம் இல்லை.

அன்று இரண்டு கட்சித் தலைவர்களும் இடம் பார்க்க வந்திருந்தார்கள். மலைக்கட்சிக்குத் திருமலைக்கொழுந்து. கடல்கட்சிக்குப் பால்வண்ணன். இரண்டு பேரும் வெள்ளை வேட்டியில், உடைந்த பாலத்தின் இரண்டு பக்கத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்று அவரவர் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் பாலத்தின் தூண்கள் மட்டும் நின்றன. நடுவில் ஒரு தூண் சாய்ந்திருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலையை வாரியிருக்கவில்லை. அவள் பெயர் பேச்சியம்மாள். பரிசலில் செத்துப்போனவள் அவளுடைய மகள்.

அவள் நேரே போய்த் திருமலைக்கொழுந்தின் சட்டையைப் பிடித்தாள்.

“ஓட்டு கேட்டு வந்தீரே, அப்போ என் வீட்டுல சுக்குக்காப்பி குடிச்சீரா, இல்லையா?”

“பேச்சியம்மா, கையை எடு. நான் என்ன செய்வேன்? அவங்கல்லா வழிமறிக்கானுவ.”

“அவரையும் கூட்டிட்டு வாங்கலே!” என்று அவள் திரும்பிக் கத்தினாள்.

நாலைந்து பேர் போய்ப் பால்வண்ணனைக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்தார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. அவர் செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது.

கரையில் ஒரு பரிசல் இருந்தது. பரிசல்காரர் இசக்கி துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ரெண்டு பேரும் ஏறுங்க,” என்றாள் பேச்சியம்மாள்.

“எதுக்கு?”

“என் மவ ஏறுனால்லா. நீங்களும் ஏறிப் பாருங்க.”

கனகராயர் கூட்டத்துக்குள் புகுந்து கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க! இது முறையில்லை. அவங்க சபை உறுப்பினர்கள்.”

கூட்டம் அப்படியே நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் திருமலைக்கொழுந்தின் சட்டையை விட்டாள். இரண்டு கையையும் குவித்து அவரைக் கும்பிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

“மகராசா, வெயில்ல நிக்காதீங்க,” என்றாள். “அந்த மருத மரத்தடியில போயி உக்காருங்க. ஏ மாடசாமி, மகராசாவுக்கு ஒரு எளநி வெட்டு. இவனுவளை நாங்க பாத்துக்கிடுதோம்.”

யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ துண்டால் அதைத் துடைத்தார்கள். அவரை மிகுந்த மரியாதையோடு கைத்தாங்கலாக அழைத்துப்போய் மரத்தடியில் உட்காரவைத்தார்கள். இளநீர் வந்தது. பிறகு எல்லோரும் ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

அவர் கையில் இளநீரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மையார் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

தலைவர்கள் இருவரையும் பரிசலில் ஏற்றினார்கள். இசக்கி துடுப்புப் போட்டார். நடு ஆற்றுக்குப் போனதும் சாய்ந்த தூணில் கயிற்றைக் கட்டிவிட்டுத் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நீரின் இழுப்பில் பரிசல் மெல்லச் சுழன்றது.

“என்ன இசக்கி, ஏன் நிப்பாட்டிட்ட?” என்று பால்வண்ணனின் குரல் கேட்டது.

“நீங்க ரெண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வாங்க, ஐயா. வந்துட்டா எடுக்கேன்.”

“இது சட்டவிரோதம்!”

“கரைக்கு வந்ததும் போலீஸ்ல சொல்லுங்க, ஐயா. நான் எங்க ஓடிறப் போறேன்?”

முதலில் இரண்டு பேரும் கரையைப் பார்த்துக் கத்தினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக் கத்தினார்கள். கரையில் பெண்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. பால்வண்ணன் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். திருமலைக்கொழுந்து அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டதைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. வெகுநேரம் இரண்டு தலைகளும் ஒன்றை ஒன்று ஒட்டிப் பேசிக்கொண்டிருந்தன. ஒருவர் கையை நீட்டி ஆறு குறுகும் இடத்தைக் காட்டினார். இன்னொருவர் மறுத்துத் தலையாட்டினார். பிறகு யோசித்தார். பிறகு ஆட்டவில்லை.

நிழல் கிழக்கே சாயும் நேரத்தில் பரிசலிலிருந்து ஒரு துண்டு அசைந்தது.

கரைக்கு வந்ததும் இருவரையும் எல்லோர் முன்னாலும் நிறுத்திச் சொல்லச் சொன்னார்கள். பாலம் குறுகலான இடத்தில் வரும். பழைய இடத்துக்கு ஒரு சாலை வரும். இரண்டு கட்சியும் சேர்ந்து கை தூக்கும். திருமலைக்கொழுந்து சொன்னார். பால்வண்ணன் ஆமாம் என்றார். யாரும் கைதட்டவில்லை. பேச்சியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பால்வண்ணனிடம் கொடுத்தாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய், தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள்.

கனகராயர் எழுந்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

திரும்பும் வழியில் புளியமரங்கள் வந்த பிறகுதான் அவர் பேசினார்.

“என் ஜனங்க இப்படி இருந்ததில்லை, அம்மா.”

“எப்படி இருந்தாங்க?”

“அடக்கமா இருந்தாங்க. ஒரு அதிகாரி சட்டையை ஒருத்தர் தொட்டுட முடியுமா? தொடணும்னு அவசியமும் இல்லை. பாலம் வேணும்னா ஒரு உத்தரவு. ஒரே கோடை. யாரும் கத்தலை, யாரையும் ஆத்துல கொண்டுபோய் சுத்தவிடலை.”

“ஆமா. நல்ல பாலம் அது.”

“நல்ல பாலம்.”

“அதுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்தது?”

“அதுக்கு முன்னாடி ஒரு மரப்பாலம் இருந்தது. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒரு வெள்ளத்துல போச்சு.”

“உங்க அப்பா கட்டலையா?”

கனகராயர் கொஞ்சம் தயங்கினார்.

“அப்பாவுக்கு அக்கரைக்காரங்க மேல ஒரு வருத்தம். வேட்டைக்கு ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார். அறுப்பு நேரம், வர முடியாதுன்னு சொல்லிட்டாங்க.”

“அதுக்கா?”

“அப்பா நல்லவர், அம்மா. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தோட்டமெல்லாம் சுத்துவார். ராத்திரி எனக்குக் காய்ச்சல்னா தூங்கமாட்டார். ஆனா ஒரு வருத்தம் வந்துட்டா மனசுலயே வெச்சுக்குவார்.”

“எவ்வளவு காலம் வெச்சிருந்தார்?”

“காலமாகிற வரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

“நான் பட்டத்துக்கு வந்தேன். நான் போட்ட முதல் உத்தரவே பாலத்துக்குத்தான்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் பழையபடி உயர்ந்தது.

“அதுவரைக்கும் அக்கரை ஜனங்க என்ன பண்ணாங்க?”

“காத்திருந்தாங்க. பொறுமையான ஜனங்க.”

“எதுக்குக் காத்திருந்தாங்க, ராயரே?”

“பாலத்துக்கு...” என்று தொடங்கிய கனகராயர் அதற்கு மேல் சொல்லாமல் நின்றார். கால்களும் நின்றுவிட்டன.

அம்மையாரும் நின்றார். ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது. புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

“நான் அக்கரையில பிறந்தவ,” என்றார்.

“நீங்க சொன்னதே இல்லையே, அம்மா.”

“நீங்க பாலம் திறந்த அன்னிக்கு எங்கப்பா தோள்ல உக்காந்து நானும் பாத்தேன். மஞ்சள் சேலை கட்டிக்கிட்டு நடந்தது எங்க பெரியப்பா மக. எனக்குக் கற்கண்டு கொடுத்தாங்க. உங்க மேல எங்க ஊருக்கு உசுரு. இன்னிக்கும் உசுருதான். அதை நீங்களே பாத்தீங்க.”

கனகராயர் தலையசைத்தார்.

“அந்த நாளைவிட எனக்கு இன்னொரு நாள் நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கு முந்தின மாசி. சாயங்காலம். இக்கரையிலருந்து ஒருத்தர் பரிசல்ல வந்து ஏதோ சொல்லிட்டுப் போனார். ஊர்ல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. எங்க வீட்டுல அன்னிக்குப் பாயசம் வெச்சாங்க. பக்கத்து வீட்டுலயும் வெல்லம் காயுற வாசனை வந்தது. நான் துள்ளிக் குதிச்சு, என்ன பண்டிகைன்னு அம்மாவைக் கேட்டேன்.”

மாசி மாதத்து அந்தச் சாயங்காலம் கனகராயருக்கும் தெரியும். அன்று அவர் உயிர் பிரிந்த தகப்பனாரின் காலடியில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

“அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலை, ராயரே. என் வாயைப் பொத்தினாங்க.”